பேசாத இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு நிறம்

வத்தலக்குண்டில் பஸ் கிளம்பியதுமே பக்கத்து இருக்கை அம்மாள் என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். "மோந்துக்கிட்டே வாங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார். மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். பழத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "நீங்களே வச்சுக்கங்க, எனக்கு இதெல்லாம் பழகிருச்சு" என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சென்னைக்காரர்களுக்குக் கொடைக்கானல் போவது கிட்டத்தட்ட வெளிநாடு போவதுதான். பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் சுவெட்டரைத் தேடி எடுக்க வேண்டும். சொந்த வண்டி என்றால் விசா மாதிரி இ-பாஸ் வாங்க வேண்டும். பஸ்ஸில் வருகிறவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, அவ்வளவு மரியாதை. ஒரு சின்ன அருவி இருக்கும் வளைவில் கார்கள் எல்லாம் நடுரோட்டில் நின்றிருந்தன. அருவியோடு சேர்ந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருவியில் தண்ணீர் ஒரு குழாய் அளவுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் இதைவிட வேகமாக ஊற்றும், அதோடு யாரும் செல்ஃபி எடுத்துப் பார்த்ததில்லை.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். என் ஆராய்ச்சி சேர்மான வடிவமைப்பு என்கிற துறையில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார்கள். விஷயம் என்னவோ எளிதுதான். ஏழு பேர் இருக்கிறார்கள். மூன்று மூன்று பேராகச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்க வேண்டும். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்கள் ஒரே ஒரு மேசையில் மட்டும் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முடியுமா? முடியும். ஏழு மேசை போட்டு, ஒவ்வொருவரும் மூன்று மேசையில் உட்கார்ந்து எழுந்தால் கணக்கு முடிந்தது. இப்படி ஆட்களை உட்கார வைத்து உட்கார வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று என் மாமியார் இருந்தவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரயோஜனப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். சில வருஷங்களுக்கு முன்பு கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் இந்த ஏழு பேர் கதையைச் சொன்னேன். மாணவிகளில் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் படம் எடுத்தார்கள். புரொஜெக்டர் ஒயரை மாற்ற வந்த ஒரு பெண்மணி மட்டும் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் கடைசி வரிசையில் நின்று முழுவதையும் கேட்டார். பெயர் சகாயமேரி. பெருமாள்மலையில் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் நடத்துகிறார். அவர்தான் போன மாதம் திடீரென்று போன் செய்து, "மேடம், நீங்க வந்தே ஆகணும். நீங்க சொன்னதை நம்பித்தான் எறங்கிட்டேன்" என்றார். என்னை நம்பி இதுவரை யாரும் எதிலும் இறங்கியதில்லை. சந்தோஷத்தில் எதில் இறங்கினார் என்றுகூடக் கேட்காமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் பெருமாள்மலை முக்கில் பஸ் என்னை ஒரு சேற்றுக் குட்டையில் இறக்கிவிட்டுப் போனது. சகாயமேரி ஸ்கூட்டரோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கீழே சேலை, மேலே ரெயின்கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. "வாங்க மேடம், ஜர்னி எல்லாம் கம்ஃபர்டபிளா? மொதல்ல சாப்பிடுங்க, பெறகு அழுதுக்கலாம்" என்றார். மிஷன் பள்ளியில் படித்தவர். கேள்வியை இங்கிலீஷில் ஆரம்பித்து, பதிலுக்குக் காத்திராமல் தமிழுக்கு வந்துவிடுவார்.

கடையில் இட்லி கேட்டேன். "இட்லி முடிஞ்சிருச்சுங்க, பிரெட் ஆம்லெட் சூடா இருக்கு" என்றார்கள். தோசை கேட்டேன். "மாவு புளிக்கலைங்க, பிரெட் ஆம்லெட் தரட்டா?" என்றார்கள். மலையில் நான் இருந்த நான்கு நாளும் பெரும்பாலும் இதே பேச்சுவார்த்தைதான் நடந்தது.

கடைக்கு மாடியில்தான் அவருடைய ஆபீஸ். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே கூரை வரைக்கும் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். உள்ளே ஃபைபர் கேபிளின் முனையில் மாட்டுகிற கருவிகள், அவர் பெட்டி என்று சொல்வது இவற்றைத்தான். மேலேயிருந்த பெட்டியில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

"ஊருக்கு மூணு பெட்டின்னு வாங்கியாச்சு மேடம். கோயமுத்தூர்ல இருந்து வந்த இன்ஜினியர் ஊருக்கு ஆறு வேணும்கிறான். சொல்லிட்டுப் போனவன் போனையே எடுக்க மாட்டேங்கிறான்."

"மூணுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான். ஏழு பேரு, ஆளுக்கு மூணு டேபிள்னு சொன்னீங்கல்ல? எனக்கும் ஏழு ஊரு. மனசுல அப்படியே நின்னுருச்சு."

பெருமாள்மலையில் தொடங்கி அட்டுவம்பட்டி வழியாகக் கேரள எல்லையோரம் கிளாவரை வரைக்கும் ஏழு நிலையங்கள். கேபிள் எல்லாம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. வட்டமாகச் சுற்றி வருகிற கேபிள் என்று சொன்னார்கள். கடைசி ஊர் வரை போய், போன கம்பங்கள் வழியாகவே திரும்பி வருகிற வட்டம் அது. ஒரு மரம் விழுந்தால் வட்டத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்தே அறுந்துவிடும். பாடப் புத்தகத்தில் வட்டம் எவ்வளவு அழகாக இருக்கிறது!

உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் நடுவில் ஒரு தலைமை நிலையம் வைத்து, எல்லாப் பேச்சையும் அங்கே கொண்டுவந்து பிரித்து அனுப்பிவிடுவார்கள். இங்கே அது ஆகாதாம். வெளியே போகிற லைன் மண்சரிவில் அறுந்தாலும் ஏழு ஊரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், பூண்டு விலை கேட்க வேண்டும், நர்ஸம்மாவைக் கூப்பிட வேண்டும். ஆனால் ஓர் ஊரின் பேச்சு வேறோர் ஊரில் நின்று, பிரித்துப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. "ஒட்டுக் கேப்பாய்ங்க மேடம்" என்றார் சகாயமேரி. ஏழு ஊரும் ஒத்துக்கொண்ட ஒரே நிபந்தனை இதுதான். ஆக, எந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நேரடிப் பாதை வேண்டும்.

இதை பஸ்ஸாக நினைத்தால் புரியும். ஒரே கேபிளுக்குள் வெவ்வேறு நிறத்து ஒளி ஓடும். ஒரு நிறம் என்பது ஒரு பஸ். பெட்டி இருக்கும் ஊரில்தான் பஸ் நிற்கும். பெட்டி இல்லாத ஊரில் பாயின்ட் டு பாயின்ட் பஸ் மாதிரி கண்டுகொள்ளாமல் போய்விடும். இரண்டு இரண்டு ஊருக்குத் தனி பஸ் விட்டால், ஒவ்வோர் ஊருக்கும் மற்ற ஆறு ஊருக்காக ஆறு பெட்டி வேண்டும். கோயமுத்தூர்க்காரர் சொன்னது அது. ஒரு பஸ் மூன்று ஊரில் நின்றால் அந்த மூன்று ஊரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். நடு ஊரில் பஸ் நின்றாலும் அந்த ஊருக்கான மூட்டையை மட்டும்தான் இறக்கும், அடுத்த ஊர் மூட்டையை யாரும் பிரிக்க முடியாது. ஏழு பஸ், ஒவ்வொன்றும் மூன்று ஊர், எந்த இரண்டு ஊருக்கும் பொதுவாகச் சரியாக ஒரு பஸ். ஊருக்கு மூன்று பெட்டி போதும். சகாயமேரி ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்று புரிந்துகொண்டது அட்சரம் பிசகாமல் சரி.

"இது ஓடலைன்னா நான் திருப்பூர் போகணும் மேடம். அக்கா வீட்ல பனியன் தைக்கலாம்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்றார். கேபிள் டிவியைப் பார்க்க இப்போது ஆளில்லை. பெரிய கம்பெனி ஒன்று மலைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏழு ஊர்த் தலைவர்களும் கூடி, சகாயமேரியா கம்பெனியா என்று முடிவு சொல்லப்போகிறார்கள். ஓர் ஊர் மறுத்தாலும் போச்சு, கேபிள் அந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும். என் தேற்றம் தவறாகப் போனால் அதிகபட்சம் ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பும். அதற்காக ஒருவர் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பது எனக்குப் புதுசு. பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நிலையங்களைப் பார்க்க ஜீப்பில் மேலே போனோம். ஓட்டியவர் சின்னராசு. சகாயமேரியிடம் லைன்மேன் வேலையும் அவர்தான் பார்க்கிறார். "வெள்ளனே கெளம்புனாத்தான் காட்டுமாடு மறிக்காது" என்று விடிந்ததும் விடியாததுமாக எழுப்பினார். காட்டுமாடு எங்களுக்கு முன்னாலேயே எழுந்துவிட்டிருந்தது. நடுரோட்டில் ஒரு மினி லாரி அளவுக்கு நின்று எங்களைப் பார்த்தது. "ஹாரன் அடிங்களேன்" என்றேன். "அடிச்சா அது நம்மள அடிக்கும்ங்க" என்று இன்ஜினை அணைத்துவிட்டு பீடியைப் பற்றவைத்தார். மாடு அசைபோட்டு முடிக்கும் வரை காத்திருந்தோம். சென்னையில் அமைச்சர் வண்டிக்காகக் காத்திருப்போம், அவர் இவ்வளவு நிதானமாக நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாடு போனதும் ஜீப் கிளம்ப மறுத்தது. இறங்கித் தள்ளினோம். நான் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதைச் சின்னராசு பொருட்படுத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் தம் கட்டித் தள்ளுங்க டீச்சர்!" என்று உள்ளே உட்கார்ந்துகொண்டு கத்தினார்.

நிலையங்கள் என்று சொன்னேனே, ஒன்று ரேஷன் கடையின் பின்னறை, ஒன்று உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில், இன்னொன்று பாதி ஆட்டுக் கொட்டகை. கிளாவரையில் கேரட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நான்கைந்து கேரட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தப் பெட்டி வந்தா எங்க வீட்டுக்காரரு மெட்ராஸ்ல இருந்து பேசையில மொகம் நிக்குமா, இல்ல இப்ப மாதிரி வாய் மட்டும் கோணிக்கிட்டு நிக்குமா?" என்று கேட்டார். முகம் நிற்கும் என்று உறுதி சொன்னேன். என் வாழ்க்கையில் கிடைத்த மிகத் தெளிவான ஆய்வுக் கேள்வி அதுதான்.

வழியில் இரண்டு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே மறுபடியும் போய்ச் சாப்பிட ஆசை இருக்கிறது. மேலப்பட்டி, கீழப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலப்பட்டித் தலைவர் பழனியாண்டி வீட்டில் சோறும் மலைப்பூண்டுக் குழம்பும் போட்டார்கள். அந்தக் குழம்பைப் பற்றி மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்து கீழப்பட்டிக்குப் போறோம்" என்றேன்.

"அப்படி ஒரு ஊரு இருக்குங்களா?" என்றார் பழனியாண்டி.

அவர் வீட்டு வாசலில் நின்றால் கீழப்பட்டியின் ஓட்டுக் கூரைகள் தெரிகின்றன. அங்கே காயப்போட்ட துணிகூடத் தெரிகிறது. பாவம், கண் பார்வை மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கீழப்பட்டியில் அந்த ஊர்த் தலைவர் வேலுச்சாமி, "எங்கிட்டுச் சாப்புட்டீங்க?" என்று கேட்டார். மேலப்பட்டியில் என்றேன். "அது எங்கன இருக்கு?" என்றார். அவருக்கும் பார்வை சரியில்லை போல. சின்னராசு வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

சனிக்கிழமை பெருமாள்மலை சமுதாயக் கூடத்தில் தலைவர்களுக்கு விளக்கம். இங்கேதான் என்னை மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தேன். யாரும் கேட்காமலே ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டினேன். ஏழு ஊருக்கு ஏழு புள்ளி, ஏழு பஸ்ஸுக்கு ஏழு நிறத்தில் கிரேயான் கோடு. நிறம் என்று சொன்னது பேச்சுக்குத்தான், உண்மையில் அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது. பார்வைக்கு அழகாக இருக்கட்டுமே என்றுதான் தீட்டினேன். கடைசி வரிசையில் கம்பெனி ஆள் ஒருவர் எல்லோருக்கும் கிரீம் பிஸ்கட் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி உடனே வந்தது. "எங்க ஊருக்கு வர்ற மூணு கோட்டையும் சேத்துப் பாத்தா அந்தக் கட்சிக் கொடி மாதிரில்ல இருக்கு?" மாற்றித் தீட்டினேன். இன்னோர் ஊருக்கு இன்னொரு கட்சி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மூன்று நிறத்தை எப்படிச் சேர்த்தாலும் யாராவது ஓட்டுக் கேட்டு வந்துவிடுகிறார்கள். கடைசியில் ஊதா, பழுப்பு, ரோஜா என்று கட்சிகள் இன்னும் பிடித்து வைக்காத நிறங்களாகத் தேடித் தீட்டி முடித்தேன்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். வகுப்பெடுத்துப் பழகிய வாய் நிற்கவில்லை. "இதுல அழகு என்னன்னா, எந்த ரெண்டு ஊரை எடுத்தாலும் அவங்க ஒரு நிறத்துல சேர்ந்தே ஆகணும். யாரும் யாரையும் தவிர்க்கவே முடியாது!" என்று பெருமையோடு சொன்னேன். உதாரணத்துக்கு என் விரல் போய் நின்ற பழுப்புக் கோடு மேலப்பட்டி, கீழப்பட்டி, அட்டுவம்பட்டி மூன்றையும் தொட்டுக்கொண்டிருந்தது.

கூடத்தில் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது.

பழனியாண்டி எழுந்தார். "அந்த ஊரோட ஒரே கலர்ல நாங்க கெடக்க மாட்டோம்."

வேலுச்சாமி எழுந்தார். "அதையே நாங்களும் சொல்லிக்கிறோம்."

இரண்டு பேருக்கும் கண் நன்றாகவே தெரிகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருவிழாவில் சாமி சப்பரம் எந்த ஊரில் முதலில் இறங்குவது என்பதில் வந்த சண்டை. அன்றிலிருந்து பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. பேசியவர் பிடிபட்டால் ஊர்க்கூட்டத்தில் தெண்டம் கட்ட வேண்டும். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டோடு பேசாமல் இருக்கச் சண்டைகூடத் தேவைப்படுவதில்லை. இவர்கள் முறையாகச் சண்டை போட்டு, கூட்டம் கூட்டி, விதி எழுதிப் பேசாமல் இருக்கிறார்கள்.

"நாளைக்கு மத்தியானம் முடிவு சொல்றோம்" என்று தலைவர்கள் கலைந்தார்கள். கம்பெனி ஆள் எனக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். நன்றியாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று சகாயமேரியைக் கேட்டேன்.

"ஒயருக்குள்ள போறது யாரு கண்ணுக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். நீங்க கலர் பென்சில் எடுத்துட்டு வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் இந்த மூன்று நாளில் என்னைக் கடிந்து பேசியது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல் இருந்தது.

சாயங்காலம் அட்டுவம்பட்டியில் நான் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஊர்களை இடம் மாற்றி அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் அந்த இரண்டு ஊரும் எங்கேயோ ஓரிடத்தில் கூடி நின்றன. அதைத்தானே தேற்றம் என்று பெருமையடித்தேன்! பழுப்பு பஸ்ஸை இரண்டாகப் பிரிக்கலாம். மேலப்பட்டியும் அட்டுவம்பட்டியும் ஒன்றில், கீழப்பட்டியும் அட்டுவம்பட்டியும் இன்னொன்றில். சண்டைக்காரர்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகாது. எந்தச் சண்டையிலும் இல்லாத அட்டுவம்பட்டிக்குத்தான் ஒரு பெட்டி கூடுதலாக வேண்டும். அது சகாயமேரியிடம் இல்லை. புதிதாகத் தருவித்தால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், முடிவோ நாளைக்கு.

போனில் சொன்னேன். "சரிங்க மேடம், நீங்க சாப்பிட்டுப் படுங்க" என்றார் சகாயமேரி. பின்னால் இன்னொரு போனின் ஸ்பீக்கரில் திருப்பூர் அக்காவின் குரல் கேட்டது. "எப்படி வந்து சேரப்போறே, பஸ்ஸா ரயிலா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருமாள்மலை டீக்கடையில் நின்றிருந்தேன். நான் கேட்பதற்கு முன்பே பிரெட் ஆம்லெட் வந்துவிட்டது. நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். அந்த மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை என் சுவெட்டரைப் பிடித்து இழுத்தது. பழனியாண்டி.

"டீச்சர், ஒரு சோலியா வந்தேன். வெரசாச் சொல்லிட்டுப் போயிர்றேன்" என்று நிறுத்தியிருந்த ஜீப்புகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். "அந்தக் கோடு கெடக்கட்டும்."

"எந்தக் கோடு?"

"அதாங்க, கீழப்பட்டிக்குப் போற கோடு. எம்மகள அங்கனதான் குடுத்திருக்கு. சண்டைக்கு முந்தியே குடுத்தது. பேத்தி பொறந்திருக்கு, இன்னும் மொகம் பாக்கல. சிக்னலு ஊருக்கு வெளிய அந்த ஒத்த வளைவுலதான் கெடைக்குது. அங்கன நின்னு பேசுனா ஊரே கேக்கும். தெண்டம் போடுற எடத்துல இருக்குறவன் நானு. நானே பேசுனா நல்லாவா இருக்கும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு அது பனி என்று சொன்னார். "கோடு உள்ள ஓடட்டும். படத்துல மட்டும் வேண்டாம். அந்தாளு வேலுச்சாமிக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாரு, அவரு காதுக்குப் போகாமப் பாத்துக்கங்க."

மூட்டத்துக்குள் போய்விட்டார். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு சகாயமேரியின் மாடிக்கு ஓடினேன். அங்கே அவர் மாதா படத்துக்கு முன்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கொல்லைப் படி வழியாக வேலுச்சாமி அப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறார். அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் மேலப்பட்டி. "கோட்ட அத்துறாதம்மா. படத்துல மட்டும் காட்டாத. அந்தப் பழனியாண்டி வீம்புக்காரன், அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எவ்வளவு கணக்குப் போட்டேன்! பெட்டி பெட்டியாக எவ்வளவு யோசித்தேன்! வலையில் எதையுமே மாற்ற வேண்டாமாம். அழிக்கிற ரப்பர் ஒன்று இருந்தால் போதுமாம்.

புதுப் படம் வரைந்தேன். பழுப்பு நிறத்தில் மேலப்பட்டியிலிருந்து அட்டுவம்பட்டிக்கு ஒரு கோடு. அட்டுவம்பட்டியிலிருந்து கீழப்பட்டிக்குக் கொஞ்சம் சிவந்த பழுப்பில் ஒரு கோடு. இரண்டு ஊருக்கும் நடுவில் வெள்ளைத் தாள். இத்தனை வருஷத்தில் நிரூபணத்தில் நான் ஒரு பொய் எழுதியதில்லை. ஆனால் படம் நிரூபணம் ஆகாது என்று மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லி வருகிறேன். அந்த வாக்கியத்தின் முழுப் பயனும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மதியம் கூடத்தில் பழனியாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். நடுவில் வெள்ளையாக இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ம், இப்பச் சரியா இருக்கு. நமக்கும் அவுகளுக்கும் ஒரு ஒட்டும் கெடையாது" என்று ஊர் கேட்கச் சொன்னார். வேலுச்சாமியும் வந்து பார்த்தார். "ஒறவும் கெடையாது" என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். மற்ற தலைவர்கள் எல்லோரும் மிகுந்த கவனத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் விஷயம் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏழு ஊரும் கை தூக்கின. கம்பெனி ஆள் மிச்சமிருந்த பிஸ்கட்டை மூட்டை கட்டினார். சகாயமேரி அக்காவுக்குப் போன் போட்டு, "பஸ்ஸும் இல்ல, ரயிலும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டோம். முதல் சோதனையை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் செய்வது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜீப் நேராக மேலப்பட்டிக்குப் போய் நின்றது. சகாயமேரியையும் என்னையும் இறக்கிவிட்டு, சின்னராசு அந்த ஊருக்கான பெட்டியோடு ஒரு டேப்லெட்டையும் சாக்குப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழப்பட்டிக்கு இறங்கினார். பெட்டியை மாட்டி, பழனியாண்டி வீட்டு உள்ளறையில் திரையை வைத்தார் சகாயமேரி. கொல்லைப்புற வழியாக ஒரு அம்மாள் வந்து அடுப்படியில் உட்கார்ந்து, "எனக்கு அவசரமில்ல, அவுக பேசி முடிக்கட்டும்" என்றார். வேலுச்சாமியின் அக்கா. அவர் கையிலும் ஒரு தட்டில் சோறும் பூண்டுக் குழம்பும் கொடுத்திருந்தார்கள்.

திரையில் மகளின் முகம் வந்தது. நின்றது. வாய் கோணவில்லை. பழனியாண்டியின் மனைவி "ஏத்தா..." என்று ஒரு வார்த்தை சொன்னார். மகள் குழந்தையைத் தூக்கித் திரைக்குக் கிட்டே காட்டினாள். அது வீல் என்று அழுதது.

பழனியாண்டி உள்ளேயே வரவில்லை. வாசலில் தெருவைப் பார்த்துக் காலை அகட்டி நின்று, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் தேவையில்லாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "யாரு வீட்டுப் புள்ள இப்படி அழுவுது?" என்று ஒருவர் நின்றார். "சீரியலு. நீ சோலியப் பாத்துட்டு வெரசாப் போ" என்றார். சொல்லும்போதே கழுத்து தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது, பிடித்து இழுத்துத் தெருப் பக்கம் வைத்துக்கொண்டார்.

குழந்தையின் அழுகை நின்று, எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. என்னிடம் வந்து, "டீச்சர், செத்த நேரம் நீங்க இங்கன நில்லுங்க. யாரும் வந்தா என்னத்தையாச்சும் சொல்லுங்க" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

நின்றேன். சுவெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு வாசலை அடைத்து நின்றேன். தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண்மணி நின்று, உள்ளே எட்டிப் பார்க்க முயன்று, "கீழப்பட்டிக்காரவுகளோட பேசுறாகளா?" என்று கேட்டார்.

"அதெப்படிம்மா பேச முடியும்?" என்றேன். "படத்தைப் போய்ப் பாருங்க, கோடே இல்லை."